பூவா தலையா: 21 விநாடிக்கு ஒரு மழைக்காலம்

ஐப்பசியில் ஆரம்பித்த வேலை மார்கழி பிறக்கும்போதுதான் முடிந்தது. கையில் மிஞ்சியது மூன்று காந்த நாடாக்கள். ஒவ்வொன்றும் 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டால் 21 விநாடி சத்தம். அவ்வளவுதான். அது போக ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வெட்டுத் துண்டுகள். அந்த டப்பாவுக்குக் கடைசியில் வருகிறேன்.

செய்ய நினைத்தது அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் காந்த நாடாக்களை வெட்டி ஒட்டிச் செய்த 'வில்லியம்ஸ் மிக்ஸ்' படைப்பின் ஒரு சின்னக் குட்டி. அசலை நியூயார்க்கில் 1952-இல் தொடங்கி 1953 தொடக்கத்தில் முடித்தார்கள். எட்டு நாடாக்கள், எட்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், மொத்தம் நாலேகால் நிமிடம். பால் வில்லியம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் கொடுத்த பணத்தில் நடந்ததால் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். கிரீனிச் வில்லேஜில் சொந்தமாக ஒலிக்கூடம் வைத்திருந்த லூயிஸ் பேரன், பீபீ பேரன் தம்பதி 500 முதல் 600 ஒலிகள் வரை பதிவு செய்து கொடுத்தார்கள். கேஜும் இசையமைப்பாளர் எர்ல் பிரவுனும் பியானோக் கலைஞர் டேவிட் டியூடரும் உட்கார்ந்து மாதக்கணக்கில் வெட்டி ஒட்டினார்கள்.

என்னைப் பிடித்து இழுத்தது அதன் இசைக்குறிப்பு. 192 பக்கம். ஒவ்வொரு பக்கமும் ஒன்றேகால் விநாடிக்குச் சற்று அதிகம், சரியாகச் சொன்னால் 1⅓ விநாடி. அதில் சுரம் கிடையாது, தாளம் கிடையாது. நாடாவை எந்த இடத்தில் எந்தச் சாய்வில் வெட்ட வேண்டும் என்று நிஜ அளவிலேயே வரைந்திருக்கிறார்கள். காகிதத்தின் மேல் நாடாவை வைத்து அப்படியே வெட்டலாம். தையல்காரர் துணியின் மேல் காகித அச்சை வைத்து வெட்டுவது போலத்தான். அந்த நாடாக்கள் விநாடிக்கு 15 அங்குலம் ஓடுபவை. ஆகவே ஒரு பக்கத்துக்கு 20 அங்குலம். அதைப் பத்துப் பத்தாக இரண்டு வரிசையில் போட்டிருப்பார்கள்.

எந்த ஒலி, எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் காசு சுண்டி முடிவு செய்தார் கேஜ். 1951-இல் அவருடைய மாணவர் கிறிஸ்டியன் வுல்ஃப், தன் அப்பாவின் பதிப்பகத்தில் வந்த ஐ சிங் என்ற பழைய சீனக் குறி நூலின் மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று காசை ஆறு முறை சுண்டினால் ஆறு கோடு, ஆறு கோட்டுக்கு 64 வடிவங்கள். ஒவ்வொரு வடிவமும் ஒரு அறுகோடு, அதற்கு 1 முதல் 64-க்குள் ஒரு எண். கேஜ் அதைக் குறி பார்க்க வைத்துக்கொள்ளவில்லை, இசையமைக்க வைத்துக்கொண்டார்.

சரி, காசு சுண்டுவதில் என்ன கஷ்டம்? ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் இயந்திரம். உக்கடம் பழைய பொருள் கடை ஒன்றில் ஸ்பூல் டேப் ரெக்கார்டர் கிடைத்தது. ஐரோப்பாவில் செய்த டிரான்சிஸ்டர் வகை. மூன்று வேகம்: விநாடிக்கு 19, 9.5, 4.75 சென்டிமீட்டர். நாலு டிராக் ஸ்டீரியோ. கடைக்காரர் 'ஓடும், ஓடும்' என்றார். பிளக்கில் செருகி அவர் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டில் மூடியைக் கழற்றியதும் ஒரு வாசனை. உள்ளே இருந்த பெல்ட் ரப்பராக இல்லை, வெயில் காலத்துத் தார் மாதிரி உருகிப்போய் ஃப்ளைவீலிலும் புல்லியிலும் அப்பியிருந்தது. தொட்ட இடமெல்லாம் கறுப்பு. ஐசோபிரோபைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சி, பழைய பனியன் துணி என்று இரண்டு மாலை போனது. யாராவது இந்த வேலையில் இறங்கினால் ஒரே ஒரு யோசனை சொல்வேன்: அந்தத் தாரைத் துடைத்து முடிக்கும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். நான் நடுவில் காபி குடிக்கப் போனேன். டம்ளர், கதவுக் கைப்பிடி, சட்டை எல்லாம் சேர்ந்துகொண்டது.

மின்சாரம் கொடுக்கும் முன் பின்புறத்து வோல்ட்டேஜ் மாற்றியைப் பார்த்தேன். 220-இல் நின்றது. 240-க்குத் திருப்பினேன். நேராகச் செருகாமல் 60 வாட் குண்டு பல்பைச் சீரியஸில் போட்டு ஏற்றினேன். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல அறிகுறி, எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். மங்கியது. ஆனால் ஸ்பீக்கரில் பெரிய 'ம்ம்ம்' இரைச்சல். பவர் சப்ளையின் இரண்டு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களும் காய்ந்துபோயிருந்தன. மாற்றினேன், இரைச்சல் அடங்கியது. வலது பக்கச் சத்தம் வராததற்குக் காரணம் ரெக்கார்ட் சுவிட்சில் ஏறியிருந்த களிம்பு. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை முன்னும் பின்னும் அசைத்தால் போதும். இந்தப் பகுதியில் சொல்ல அதிகம் இல்லை.

கதை பெல்ட்டில்தான். பழைய பெல்ட் உருகிவிட்டதால் அளவு தெரியாது. புல்லிகளைச் சுற்றி நூலை ஓட்டி அளந்து, இழுவைக்காக நூற்றுக்கு ஆறு ஏழு குறைத்தேன். கோயம்புத்தூரில் பம்பு செட் சாமானுக்குப் பஞ்சமில்லை. சீல் விற்கும் கடையில் ஓ-ரிங் செய்யும் ரப்பர்க் கயிறு மீட்டர் கணக்கில் கிடைத்தது. சாய்வாக வெட்டி, சூப்பர் குளூ போட்டு ஒட்டினேன். ஓடியது! ஒரு புல்லாங்குழல் துண்டைப் பதிவு செய்து கேட்டேன். விநாடிக்கு நாலு தடவை குழல் லேசாகக் குலுங்கியது. ஒட்டின இடம் மோட்டார் புல்லியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு சின்ன எத்து.

எங்கள் தெருமுனை ரேடியோ மெக்கானிக் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். எழுபதைத் தாண்டியவர். நான் என்ன செய்யப் போகிறேன் என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"எப்படியும் காசு சுண்டித்தானே தம்பி பாட்டுப் பண்ணப் போறீங்க? இந்தக் குலுக்கலும் அதுல ஒண்ணுன்னு விட்டுட வேண்டியதுதானே?"

எனக்குப் பதில் வரவில்லை. நியாயமான கேள்வி. தற்செயலை வரவேற்கிறவன் இயந்திரத்தின் தற்செயலை மட்டும் ஏன் துரத்த வேண்டும்? வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். மறுபடி ஒருமுறை பதிவைக் கேட்டபோதுதான் உறைத்தது. அந்தக் குலுக்கல் தற்செயலே இல்லை. விநாடிக்கு நாலு தடவை, அதே இடைவெளியில், அதே அளவில் வருகிறது. காசு எதைச் சொன்னாலும் அதன் மேல் இது தன் தாளத்தைப் போட்டுவிடும். இது பெல்ட்டின் பழக்கம். காசு சுண்டுவதே பழக்கத்திலிருந்து வெளியே வரத்தானே?

ஆன்லைனில் ஒட்டில்லாத தட்டை பெல்ட் வரவழைத்தேன். பத்து நாள் ஆனது.

வேகத்தைச் சரிபார்ப்பதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. பதிவதும் கேட்பதும் ஒரே இயந்திரமானால் வேகம் தப்பாக இருந்தாலும் காதுக்குத் தெரியாது, இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். எனக்கோ நீளம்தான் நேரம். சென்டிமீட்டர் கணக்குப் போட்டு வெட்டப் போகிறேன். ஆகவே ஒரு தொடர் ஒலியைப் பதிந்த நாடாவில் 190.5 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு வெள்ளை லீடர் துண்டுகளை ஒட்டினேன். லீடரில் காந்தப் பூச்சு இல்லை, அங்கே ஒலி அறுபடும். 19 என்று எழுதியிருக்கும் வேகம் துல்லியமாக விநாடிக்கு 19.05 சென்டிமீட்டர், ஆகவே இரண்டு அறுபடலுக்கும் நடுவே சரியாக 10 விநாடி வர வேண்டும். செல்போனில் பதிந்து அலைவடிவத்தைப் பார்த்தேன். 10.4. நூற்றுக்கு நாலு மந்தம். வேறு இயந்திரத்தில் பதிந்த பாட்டைப் போட்டால் சுருதி அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியிருக்கும். நாடாவை அழுத்திப் பிடித்து ஓட்டும் பிஞ்ச் ரோலரின் ரப்பர் கண்ணாடி மாதிரி இறுகிப்போய் நாடா அதில் வழுக்குகிறது. மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பைப் போக்கி, ஆல்கஹாலில் துடைத்தேன். 10.05. இதற்குமேல் போராடவில்லை.

அடுத்து வெட்டும் கட்டை. காசு கொடுத்து வாங்கலாம், ஆனால் லேத்துப் பட்டறை நாலு தெரு தள்ளி இருக்கும்போது எதற்கு? அலுமினியப் பட்டையில் 6.3 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் போட்டு, குறுக்கே 90, 60, 45 டிகிரியில் பிளேடு நுழையும் மூன்று கீறல்கள். பட்டறைக்காரர் முதல் தடவை பள்ளத்தைச் சற்று அகலமாக எடுத்துவிட்டார். நாடா உள்ளே ஆடியது. இரண்டாம் முறை எடுத்தது விரலால் அழுத்தினால் சிக்கென்று உட்கார்ந்தது.

ஒட்டுவதற்குச் சாதாரண செல்லோடேப்பைப் பயன்படுத்தாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் படித்திருந்தேன். இருந்தும் முதல் பரீட்சையைச் செல்லோடேப்பில்தான் செய்தேன், மூன்று நாளில் பசை ஓரமாகக் கசிந்து ஸ்பூலில் பக்கத்துச் சுற்றோடு ஒட்டிக்கொண்டது. நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டிலும் ஏறியது. அதற்கென்றே விற்கும் ஒட்டு நாடா நாடாவின் அகலத்தைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்கும், பசையும் கசியாது.

நாடா தேர்விலும் ஒரு விஷயம். பழைய ஸ்பூலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவினால் அசிடேட், கறுப்பாக நின்றால் பாலியஸ்டர். அசிடேட் வயதாகி நொறுங்கும், ஆனால் அறுந்தால் சுத்தமாக அறும், மறுபடி ஒட்டிவிடலாம். பாலியஸ்டர் அறாமல் ரப்பர் மாதிரி இழுபட்டுவிடும், அந்த இடம் போனது போனதுதான். எனக்குக் கிடைத்தவை பாலியஸ்டர்.

ஒலி சேகரிப்பு இந்த வேலையின் சுகமான பகுதி. கேஜ் ஒலிகளை ஆறு வகையாகப் பிரித்தார்: நகரத்து ஒலி, நாட்டுப்புறத்து ஒலி, மின்னணு ஒலி, இசை உட்படக் கையால் எழுப்பும் ஒலி, குரல் உட்படக் காற்றால் எழும் ஒலி, பெருக்கினால் மட்டுமே கேட்கக்கூடிய சின்ன ஒலி. அதையே வைத்துக்கொண்டேன். நகரத்துக்குக் காந்திபுரம் பஸ் நிலையம். நாட்டுப்புறத்துக்கு ஆழியாறு பக்கம் ஒரு வாய்க்கால், மயில். மின்னணுவுக்கு 555 என்ற சின்ன ஐசி சில்லை வைத்துக் கட்டிய ஒரு ஊளைப் பெட்டி. கையொலிக்குப் பித்தளைக் குடம், அம்மியில் மிளகாய் நசுக்குவது. சின்ன ஒலிக்கு, அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு பீசோ தகட்டின் மேல் புளியங்கொட்டையை உருட்டினேன், உளுந்தைக் கொட்டினேன். உளுந்து கொட்டுவதைப் பெருக்கிக் கேட்டால் மலைச்சரிவு.

குக்கர் விசில் எந்த வகை? வீட்டில் அரை மணி விவாதம். வருவது நீராவி, ஆகவே காற்றொலி என்று நான். அடுப்படியில் கேட்பது நகரத்து ஒலி என்று அக்கா. கடைசியில் அதற்கும் காசு சுண்டினோம். காற்றொலி.

இதே காலத்தில் மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேஜ் தனியாக ஏதோ கிறுக்குத்தனம் செய்ததுபோல் ஆகிவிடும். பாரிஸில் வானொலிப் பொறியாளர் பியர் ஷெஃபேர் 1948-இலேயே ரயில் ஒலிகளை வைத்து ஒரு படைப்பைச் செய்து வானொலியில் ஒலிபரப்பினார். அப்போது அவரிடம் நாடாகூட இல்லை, எல்லாம் இசைத்தட்டு. எந்த ஒலிக்குப் பக்கத்தில் எது என்று காதால் கேட்டுக் கேட்டு முடிவு செய்தார். ஜெர்மனியில் கொலோன் வானொலியின் கூடத்தில் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் 1954-இல் 'ஸ்டூடியே 2' என்ற தன் இரண்டாவது மின்னணு இசைப் படைப்பை முடித்தார். மைக்கில் பிடித்த ஒலி ஒன்றும் அதில் இல்லை. 81 அதிர்வெண்கள், அடுத்தடுத்த இரண்டுக்கும் உள்ள விகிதம் 5-இன் 25-ஆம் மூலம், ஐந்தைந்தாகக் கலந்த ஒலிகள். எல்லாம் கணக்கு. ஒருவருக்குக் காது சொன்னது, ஒருவருக்கு எண் சொன்னது, ஒருவருக்குக் காசு சொன்னது. ஆனால் கொலோனில் எண் சொன்னதையும் நியூயார்க்கில் காசு சொன்னதையும் செய்து முடித்தது ஒரே மாதிரி பிளேடுதான்.

என் விதிகள் இவை. முதல் அறுகோடு ஒலியைச் சொல்லும். இரட்டை எண் வந்தால் மௌனம். கேஜ் தன் பியானோப் படைப்பான 'மியூசிக் ஆஃப் சேஞ்சஸ்' செய்தபோது 64 கட்டத்தில் பாதியை மௌனத்துக்கு ஒதுக்கினார், அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒற்றை எண்கள் 32. வகைக்கு ஐந்து வீதம் ஆறு வகைக்கு 30. மிஞ்சிய 61, 63 இரண்டுக்கும் 'ஏற்கெனவே வெட்டிய ஒலித் துண்டைப் பின்னோக்கி ஒட்டு' என்று எழுதிவைத்தேன். இரண்டாவது அறுகோடு நீளம்: வரும் எண்ணை இரண்டால் பெருக்கி மில்லிமீட்டராக வைத்துக்கொள்வது. ஆக 2 முதல் 128 வரை. ஐ சிங் முறையில் தலைக்கு 3, பூவுக்கு 2 என்று கூட்டுவார்கள். மூன்று காசும் ஒரே பக்கம் விழுந்தால் 6 அல்லது 9, அந்தக் கோடு 'மாறும்' கோடு. முதல் அறுகோட்டில் மாறும் கோடு இருந்தால் சாய்வு வெட்டு, இல்லாவிட்டால் நேர் வெட்டு. ஆறில் ஒன்றாவது மாறும் கோடாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 82 என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் விதியை எழுதிவிட்டேன். பிளேடு பெரும்பாலும் 45 டிகிரிக் கீறலிலேயே கிடந்தது.

ஒரு துண்டுக்கு 12 தடவை சுண்ட வேண்டும். முதல் நாடாவில் 64 துண்டுகள், அடுத்ததில் 58, மூன்றாவதில் 67. மொத்தம் 189. அதாவது 2,268 சுண்டல். மூன்று காசு என்பதால் 6,804 தடவை காசு விழுந்தது. இதையெல்லாம் செல்போனில் ஒரு நொடியில் செய்யலாம்தான். கேஜே 1960-களின் கடைசியில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் இசை முன்னோடி லெஜாரன் ஹில்லரோடு சேர்ந்து வேலை செய்தபோது ஐ சிங் காசைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டார். எனக்கு மட்டும் என்ன வீம்பு என்று தெரியவில்லை. மூன்று ஒரு ரூபாய்க் காசு, கீழே ஒரு பாய்.

முதல் நூறுக்கே கட்டைவிரல் நகக்கண் வலித்தது. அம்மா வந்து உட்கார்ந்தாள். பாதி இரவில் சுண்டும் வேலை அவளுடையது, எழுதும் வேலை என்னுடையது என்று ஆனது. அவள் சுண்டவில்லை, தாயக்கட்டை உருட்டுவது போல இரண்டு கையிலும் குலுக்கிப் போட்டாள். விதியில் அதற்குத் தடையில்லை.

"ஏங்கண்ணு, இத்தனை பாடு எதுக்கு? உனக்குப் புடிச்சதை நீயே அடுக்கிக்க மாட்டயா?"

மெக்கானிக் அண்ணன் கேட்டதும் இதுவும் ஒரே கேள்விதான், வேறு பக்கத்திலிருந்து. அதனால் செய்து பார்த்தேன். ஒரு மாலை காசில்லாமல், மனம் போன போக்கில் இருபது துண்டுகளை ஒட்டினேன். கேட்டால் வெட்கமாக இருந்தது. குடம், மயில், குடம், ஊளை, குடம். பெரிய ஒலிக்கு அப்புறம் ஒரு சின்ன ஒலி, அதற்கு அப்புறம் ஒரு இடைவெளி, மறுபடி பெரிய ஒலி. சினிமாவில் பேய் வரும் இடத்துப் பின்னணி. நான் தேர்ந்தெடுத்ததாக நினைத்தேன், கை தனக்குத் தெரிந்ததையே செய்திருக்கிறது. பெல்ட்டின் ஒட்டு மாதிரியே எனக்கும் விநாடிக்கு நாலு எத்து.

காசு சொன்னதோ நான் எழுதவே மாட்டாத வரிசை. ஒரு இடத்தில் தொடர்ந்து ஏழு மௌனம். இன்னொரு இடத்தில் 555 ஊளை நாலு தடவை அடுத்தடுத்து, நடுவில் 4 மில்லிமீட்டர் பஸ் நிலையம். 4 மில்லிமீட்டர் என்றால் விநாடியில் 48-இல் ஒரு பங்கு. அந்தத் துண்டைச் சாமணத்தில் பிடித்து ஒட்டு நாடாவின் மேல் வைப்பதற்குள் மூச்சு விட்டுத் தொலைத்தேன், பறந்துவிட்டது. அரை மணி தேடிக் கிடைக்கவில்லை. இன்னொன்று வெட்டினேன். ஒலித்தபோது 'ட்' என்றது. பஸ் நிலையம் என்று நான் சொன்னால்தான் உண்டு.

மௌனத்துக்கு முதலில் லீடர் நாடாவை வைத்தேன். தப்பு. காந்த நாடாவில் எப்போதும் ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' இருக்கும், லீடரில் அது இருக்காது. ஒவ்வொரு மௌனத்திலும் யாரோ கதவைச் சாத்தியது போல் இருந்தது. அழித்த வெற்று நாடாவைப் போட்டதும் மௌனம் ஒலியோடு ஒரே அறையில் உட்கார்ந்தது.

முதல் நாடா முடிந்தது. ஆவலாகப் போட்டேன். ஒவ்வொரு ஒட்டிலும் 'டப்'. ஒட்டு எத்தனையோ அத்தனை டப். சில இடத்தில் ஒலியைவிட டப்தான் பெரிது. ஒட்டுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருந்தன. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. மறுபடி அதே மெக்கானிக் அண்ணன். என் பிளேடை வாங்கி ஒரு குண்டூசியருகே கொண்டுபோனார். ஊசி துள்ளி ஒட்டிக்கொண்டது.

பிளேடுப் பெட்டியை நான் வைத்திருந்த இடம், ஸ்பீக்கரின் பின்னால், காந்தத்துக்குப் பக்கத்தில். காந்தமேறிய பிளேடு வெட்டும் இடமெல்லாம் நாடாவில் ஒரு சின்னக் காந்தத் தழும்பை விட்டுப் போயிருக்கிறது. அவரிடம் ஹெட்டின் காந்தத்தைப் போக்கும் மின்கம்பிச் சுருள் இருந்தது. பிளேடு, சாமணம், ஹெட் எல்லாவற்றையும் நீக்கித் தந்தார். ஒரு எச்சரிக்கையும் சொன்னார்: சுருளைக் கையெட்டும் தூரம் மெதுவாக இழுத்த பிறகுதான் சுவிட்சை அணைக்க வேண்டும், பக்கத்தில் வைத்து அணைத்தால் புதிதாகக் காந்தம் ஏறிவிடும். முதல் நாடா முழுவதையும் மறுபடி வெட்டினேன். இந்தத் தடவை "அதுவும் ஒரு தற்செயல்தானே" என்று அவர் கேட்கவில்லை.

இன்னும் ஒரு சங்கதி என்னை நன்றாக ஏமாற்றியது. 61, 63 வந்தால் பின்னோக்கி ஒட்ட வேண்டும் அல்லவா? துண்டைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. வெறும் 'ஸ்ஸ்'. அப்புறம்தான் புரிந்தது. என் இயந்திரம் நாடாவின் அகலத்தை நாலு பட்டையாகப் பிரித்து, ஒன்றாவதிலும் மூன்றாவதிலும் எழுதுகிறது. துண்டைத் திருப்பினால் எழுத்து நாலுக்கும் இரண்டுக்கும் போய்விடும், ஹெட் பார்ப்பது வெற்றிடத்தை. புத்திசாலித்தனமாக நாடாவின் அடுத்த பக்கத்திலும் அதே ஒலியைப் பதிந்து, வெட்டித் திருப்பினேன். இப்போது கேட்டது, ஆனால் முன்னோக்கி! அடுத்த பக்கத்தை எதிர்த்திசையில்தான் பதிந்திருக்கிறேன், திருப்பியதும் அது நேராகிவிட்டது. தனியே உட்கார்ந்து சிரித்தேன். நாடாவின் முழு அகலத்திலும் ஒரே டிராக் எழுதும் இயந்திரம் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

மிச்சமிருந்த ஒரே வழி, துண்டைப் புரட்டிப் போடுவது: பூச்சு வெளியே, பிளாஸ்டிக் ஹெட்டின் பக்கம். அப்போது மேல் பட்டை மேலேயே இருக்கும், திசை மட்டும் மாறும். கேட்டது, பின்னோக்கியும் கேட்டது, ஆனால் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல. 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை இந்த வேகத்தில் நாடாவில் வெறும் 0.038 மில்லிமீட்டர். பிளாஸ்டிக்கின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும்போது அந்த அலை ஹெட்டுக்கு எப்படி எட்டும்? உச்ச ஒலியெல்லாம் போய் அடியொலி மட்டும் வந்தது. மூன்று நாடாவிலும் சேர்த்து அப்படி ஐந்து இடம் இருக்கிறது. மயில் பின்னோக்கி, கம்பளிக்குள். அதை அப்படியே விட்டேன். காசு பின்னோக்கு என்றது, இந்த இயந்திரத்துக்குத் தெரிந்த பின்னோக்கு இதுதான்.

சாய்வு வெட்டிலும் நாலு டிராக் தன் வேலையைக் காட்டியது. 45 டிகிரியில் வெட்டினால் நாடாவின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் 6.3 மில்லிமீட்டர் விலகும். முழு அகல இயந்திரத்தில் அது ஒலி மெல்ல எழுவதாகக் கேட்கும். என்னிடம் இடது டிராக் மேலே, வலது டிராக் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கீழே. ஆகவே ஒவ்வொரு சாய்வு வெட்டிலும் ஒலி ஒரு ஸ்பீக்கரில் ஒரு இமைப்பொழுது முந்தித் தொடங்குகிறது. ஹெட்போனில் கேட்டால் ஒலி ஒரு காதில் முளைத்து நடுவுக்கு நகர்கிறது. இதை நான் திட்டமிடவில்லை, காசும் சொல்லவில்லை. ஆனால் அழகாக இருந்தது. பெல்ட் குலுக்கலுக்குச் சொன்ன நியாயத்தை இதற்கும் சொன்னால் இதையும் துரத்தியிருக்க வேண்டும். துரத்தவில்லை. மெக்கானிக் அண்ணனிடம் இதைச் சொல்லவும் இல்லை.

கேஜிடம் எட்டு நாடாவுக்கும் எட்டு ஒலிவழி இருந்தது. என்னிடம் ஒரே இயந்திரம். ஒவ்வொரு நாடாவையும் ஓட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தொடக்கத்து 'பீப்'பை நேர் வைத்து அடுக்கினேன். இங்கே கொஞ்சம் ஏமாற்றிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

முதல் தடவை கேட்டவர்கள் நான், அம்மா, அக்கா. 21 விநாடி சட்டென்று போய்விட்டது. "அவ்வளவுதானா?" என்றாள் அக்கா. மறுபடி போடச் சொன்னாள். ஆறு தடவை போட்டோம். நாலாம் தடவையில் அம்மா, "அந்த உளுந்து வர்ற எடம், அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லையே, அது நான் போட்ட காசு" என்றாள். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அன்று இரவு குலுக்கியது அவள்தான். நியூயார்க் டவுன் ஹாலில் 1958 மே மாதம் கேஜின் 25 ஆண்டுப் படைப்புகளை வைத்து ஒரு கச்சேரி நடந்தது. 'வில்லியம்ஸ் மிக்ஸ்' ஒலித்ததும் கைதட்டலும் கூச்சலும் கலந்து எழுந்ததை அந்தப் பதிவிலேயே கேட்கலாம். எங்கள் கச்சேரியில் கூச்சல் இல்லை, குக்கர் விசில் மட்டும் உள்ளேயிருந்து ஒன்று, வெளியே அடுப்பிலிருந்து ஒன்று.

இனி அந்த டப்பா. வெட்டியதில் மிஞ்சியவை, தழும்பு விழுந்தவை, அளவு பிசகியவை எல்லாம் பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. எது மயில், எது பஸ் என்று தெரியாது. குப்பையில் போட மனம் வரவில்லை. எர்ல் பிரவுனும் இப்படித்தான்: கேஜோடு வெட்டியபோது கீழே விழுந்த துண்டுகளைச் சேர்த்து, 1953-இல் 'ஆக்டெட் 1' என்று எட்டு ஒலிபெருக்கிக்குத் தனியாக ஒரு படைப்பே செய்துவிட்டார்.

நேற்று டப்பாவைத் திறந்து மேலாகக் கிடந்த நீளமான துண்டை எடுத்து ஹெட்டின் மேல் கையாலேயே இழுத்துப் பார்த்தேன். பித்தளைக் குடம். அம்மா பாயை விரித்துக் காசு எங்கே என்று கேட்டாள். அதில் ஒன்று பால்காரருக்குப் போய்விட்டது.